சுருதி இறங்கிய நாட்கள்

பிராங்க்ளின், டாஸ்மேனியா
6 செப்டம்பர் 1953, ஞாயிறு

அன்புள்ள டெஸ்மண்ட்,

நீ அனுப்பிய ஆறு டின்னும் வியாழக்கிழமை லாரியில் வந்து இறங்கின. ராய்டன் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் தூக்கி அடுக்கிவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார். "உன் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான்" என்றார். நாலு வருஷத்தில், திட்டு கலக்காமல் உன்னைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

அப்பாவைப் புதைத்த அன்று கல்லறை வாசலில் நீங்கள் இருவரும் போட்ட சத்தத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. அவர் உன்னைக் 'கையில மண்ணு படாதவன்' என்றார். நீ அவரை 'மாமனார் நட்ட மரத்துல தொங்குறவன்' என்றாய். அவருக்கு மனைவியாகவும் உனக்கு அக்காவாகவும் நடுவில் நின்றவள் நான். அதனால் இந்த டின்கள் எனக்குப் பூச்சி மருந்து அல்ல, நீங்கள் கை குலுக்கிக்கொண்டதற்கு அடையாளம். நன்றி. சின்னச் சீட்டோடு நிறுத்தாமல் இனிமேல் முழுக் கடிதமாக எழுது.

எங்கள் பாடு பழையபடிதான். ஆப்பிள் மொட்டு இன்னும் பத்துப் பதினைந்து நாளில் சிவந்துவிடும். கொல்லைத் தோட்டத்தில் அவரை பூத்துவிட்டது. பிளம் மரத்தடியில் என் இரண்டு தேனீப் பெட்டிகளும் குளிர்காலத்தைத் தாண்டி நன்றாகவே இருக்கின்றன. ஒரு விஷயம் சொன்னால் நீ சிரிப்பாய். நேற்று மத்தியானம் அவரைப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தபோது தேனீக்கள் ஒரே சுருதியில் நிற்பதைக் கவனித்தேன். கூட்டமாகக் கேட்டால் வெறும் இரைச்சல்தான். கொஞ்ச நேரம் காது கொடுத்தால் அடியில் ஒரு சுரம் ஓடுகிறது. நடு 'சி'க்குக் கீழே இருக்கும் 'பி', அதற்கும் ஒரு மயிரிழை இறக்கம். உள்ளே ஓடிப்போய் ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்தேன். அதேதான். இன்றைக்குத் தேவாலயத்தில் இரண்டாம் பாட்டு வாசிக்கும்போதுகூட என் காதில் தேனீதான் இருந்தது. ராய்டனிடம் சொன்னேன். "அடுத்த வாரம் பாட்டுக் குழுவுல சேர்த்துடு. சோப்ரானோவுக்கு ஆள் குறையுது" என்றார்.

எங்கள் ஆர்மோனியத்தை நம்ப முடியாது, ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. அப்பாவின் இசைக்கவை உன்னிடம்தானே இருக்கிறது? முடிந்தால் அனுப்பு.

ஹெஸ்டர்


ஃபுட்ஸ்கிரே, மெல்பர்ன்
15 செப்டம்பர் 1953

என் அருமை ஹெஸ்டர்,

தேனீக்களுக்குச் சுருதி பார்க்கும் ஒரே பெண் இந்தத் தென்கோளத்தில் என் அக்காதான் என்று ஆபீசில் பெருமையடித்துக்கொண்டேன். நம் பாதிரியார் 'எஃப்'பில் தும்முவார் என்று ஒன்பது வயதில் கண்டுபிடித்தவள் அல்லவா நீ! இசைக்கவையைத் துணியில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். முழங்காலில் தட்டு, மேசையில் தட்டாதே.

ராய்டனுக்கு என் வணக்கம். இந்த மருந்தைப் பார்த்த பிறகு மரத்துக்கு அடிக்கும் பழைய ஈயத் தூளையெல்லாம் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவார். அசுவினி, அந்துப்பூச்சி, சிலந்தி, எதுவும் நிற்காது. இந்த ஆண்டு விக்டோரியா முழுக்க அறுபத்தொரு தோட்டத்தில் நான்தான் அறிமுகப்படுத்தினேன். கடல் தாண்டிப் போனது ராய்டனுக்கு மட்டும்.

டின்னோடு வந்த காகிதத்தில் கையுறை, முகமூடி, ரப்பர் அங்கி என்று ஒரு பட்டியல் இருக்கும். எல்லாம் கம்பெனி வக்கீல்கள் எழுதச் சொல்வது. அவ்வளவு தூரம் பயப்பட வேண்டாம். விற்பனைக் கூட்டங்களில் நானே விரலை மருந்தில் முக்கி எடுத்துக் காட்டுகிறேன், பார், இதோ கடிதம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். காற்றுக்கு முதுகு காட்டி அடித்தால் போதும்.

வருஷக் கடைசிக்குள் என்னைத் தலைமை முகவராக்குவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. ஆனதும் நேரில் வந்து, ராய்டன் கையால் ஒரு பியர் வாங்கிக் குடிப்பேன்.

உன் டெஸ்


பிராங்க்ளின்
28 செப்டம்பர் 1953, திங்கள்

அன்புள்ள டெஸ்,

கவை பத்திரமாக வந்தது. அது சரியான 'ஏ' கொடுக்கிறது. என் தேனீக்கள் கீழ் ஸ்தாயியில் அதற்கு முழுதாய் ஒரு சுரம் மேலே. ஆக நான் சொன்ன 'பி' தப்பில்லை. வெயில் ஏறினால் கொஞ்சம் கூடும். சாயங்காலம் கூட்டு வாசலில் நின்று சிறகால் விசிறும்போது குறையும். தினமும் மத்தியானம் ஒரு தடவை, தேநீர்க் கோப்பையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன். பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை ராய்டன் முதல் தடவையாக உன் மருந்தை அடித்தார், மேல் மேட்டில். அன்று மத்தியானம் தேனீக்கள் 'டி'க்கு ஏறின. அப்படி ஒரு கூர்மையை நான் கேட்டதே இல்லை. கம்பியை முறுக்கிக்கொண்டே போவது போல. மறுநாள் 'ஏ'. கவையைத் தட்டிக் காதில் வைத்தேன், எடுத்தேன், தேனீயைக் கேட்டேன். இரண்டும் ஒன்று. ஒரு சுரம் இறங்கிவிட்டது. நடைபாதையில் நாற்பது ஐம்பது மல்லாந்து கிடந்து வட்டம் போட்டன. அடித்த மூன்றாம் நாள்தான் மறுபடி 'பி'க்கு வந்தது.

ராய்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"குளிரு. வேற என்ன?"

"குளிரில அதுங்க கூட்டுக்குள்ளதான் இருக்கும். இப்படி வெளியில வந்து சுத்தாது."

"ஹெஸ், பூச்சி மருந்துன்னா பூச்சி சாகத்தான் செய்யும். அதுக்குத்தானே அடிக்கிறது? ரெண்டு பெட்டித் தேனுக்காக எட்டு ஏக்கரை விட முடியுமா?"

சொல்வது நியாயம்தான், எனக்கும் தெரிகிறது. மரங்களும் உண்மையிலேயே சுத்தமாக இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்து பெர்சி ஹாம்லின் வேலியோரமாக வந்து நின்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கும் இரண்டு டின் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.

ராய்டனுக்கு ஃப்ளூ வந்தது போல் இருக்கிறது. சட்டை நனையும்படி வேர்க்கிறது. தலைவலி, சாப்பாடு தங்கவில்லை. இரண்டு நாள் கிடந்து எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கீழ் மேட்டுக்கு அடித்தார். சனிக்கிழமை மத்தியானம் தேனீ மறுபடி 'ஏ'. அவருக்கும் ஃப்ளூ திரும்பிவிட்டது.

ஹெஸ்டர்


மெல்பர்ன்
5 அக்டோபர் 1953

அன்புள்ள ஹெஸ்டர்,

அவசரமாக எழுதுகிறேன், நாளை வடக்கே போக வேண்டும். பூ மலர்ந்திருக்கும்போது அடிக்கக் கூடாது என்று ராய்டனிடம் சொல். தேனீக்குத்தான் கெடுதல். அடிக்கிற அன்று பெட்டி வாசலை ஈரச் சாக்கால் மூடி வை.

கையுறை விஷயம் முன்பு விளையாட்டாக எழுதிவிட்டேன். இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, சும்மாதான் கேட்கிறேன். ராய்டனுடைய கண்மணி எப்படி இருக்கிறது? கருப்பு வட்டம் வழக்கம்போல இருக்கிறதா, சிறுத்திருக்கிறதா? வெளிச்சத்தில் வேண்டாம், வீட்டுக்குள் நிழலில் பார். கை நடுங்குகிறதா? ஃப்ளூதான், வேறொன்றும் இருக்காது. எங்கள் வேதியியல் ஆள் சிட்னி போயிருக்கிறார். வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ராய்டனிடம் காட்டாதே. நான் பயமுறுத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

டெஸ்


பிராங்க்ளின்
11 அக்டோபர் 1953, ஞாயிறு

டெஸ்மண்ட்,

சும்மா யாரும் ஒருவருடைய கண்மணியைப் பற்றிக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை உணவுக்கு அவர் உட்கார்ந்ததும் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். "என்ன, புதுசா காதலா? இப்படிப் பாக்குற" என்றார். பார்த்தேன். நீலக் கண்ணில் கசகசா விதை அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் இருந்தது. முட்டையைக் கரண்டியால் எடுக்கும்போது கரண்டி தட்டில் படபடவென்று அடித்தது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்கிறேன். அவருடைய வேலை உடுப்பைத் துவைப்பவள் நான். போன ஞாயிறு பாட்டுப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் புகை மூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது. மனப்பாடமாக வாசித்துச் சமாளித்தேன். பிறகு கண்ணாடியில் என் கண்ணையும் பார்த்தேன். நீ கேட்காததால் என்ன இருந்தது என்று சொல்லப் போவதில்லை.

தேனீக்கள் இப்போது 'ஏ'க்கும் அரைச் சுரம் கீழே. ஒரு வாரமாக மேலே வரவில்லை. முன்னெல்லாம் அடித்த மூன்றாம் நாள் ஏறிவிடும். பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. சத்தம் மெலிந்து, அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல இருக்கிறது. என் குறிப்பையும், ராய்டன் கொட்டகைச் சுவரில் சாக்குக் கட்டியால் எழுதும் மருந்தடித்த தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நேற்று அவரிடம் பேசினேன். நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

"எதை வச்சு நிறுத்தச் சொல்ற? தேனீ பாட்டை மாத்திப் பாடுதுன்னா?"

"உங்க கையைப் பாருங்க ராய்."

"ஃப்ளூ வந்தவன் கை ஆடத்தான் செய்யும். இங்க பாரு, அந்தப் பய நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் மனுஷனா நடந்திருக்கான். அவன் அனுப்பினதை நான் தூக்கி எறிஞ்சா என்ன நினைப்பான்? மறுபடியும் ஆரம்பிக்கணுமா? உன் தம்பிக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

உன் தம்பிக்குத் தெரியாததா என்று கேட்கிறார், டெஸ். உனக்கு ஏதோ தெரியும். ஒரே வரி எழுது. நீயே உன் கையால் 'அடிக்காதே' என்று எழுதினால் கேட்பார். நான் சொன்னால் தேனீக் கதை.

அடுத்த அடிப்பு பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. தபாலுக்கு நாலு நாள் போதும். அதற்குள் எழுது.

ஹெஸ்டர்


மெல்பர்ன்
14 அக்டோபர் 1953

ஹெஸ்டர்,

இதைப் படித்ததும் அப்படியே ராய்டன் கையில் கொடுத்துவிடு.

ராய்டன், அந்த மருந்தை இனி ஒரு சொட்டும் அடிக்காதீர்கள். அது பூச்சியைக் கொல்கிற விதத்திலேயே மனிதனையும் கொல்லும். தோல் வழியாகவே உள்ளே போகும். மார்ச் மாதம் வடக்கே ஒரு பேரிக்காய்த் தோட்டக்காரர் அடித்து முடித்த சாயங்காலம் செத்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். அவரிடம் விற்றவன் நான். அவர் மனைவி என்னிடம் சொன்ன அறிகுறிகள்தான் கண்மணி சிறுத்தது, வேர்வை, நடுக்கம். முகவர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கம்பெனி சொன்னது. நானும் திறக்கவில்லை.

மிச்ச டின்களை மூடி வையுங்கள். இருவரும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், உடுப்பை எரித்துவிடுங்கள். டாக்டரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். அட்ரோபின் என்ற ஊசி இந்த விஷத்தை முறிக்கும், எல்லா டாக்டரிடமும் இருக்கும். ஃப்ளூ என்று சொன்னால் ஆஸ்பிரின்தான் கொடுப்பார்.

பெர்சிக்கும் சொல்லுங்கள்.

டெஸ்மண்ட்


பிராங்க்ளின்
27 அக்டோபர் 1953, செவ்வாய்

டெஸ்மண்ட்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. ராய்டனை வெள்ளிக்கிழமை புதைத்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன். வேறு யார் வாயிலாவது நீ கேட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை வரை தபால்காரருக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். ராய்டன் டிராக்டரில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பொய் சொன்னேன். "டெஸ் எழுதியிருக்கான், அடிக்க வேண்டாமாம்" என்றேன். காட்டு என்றார். காட்ட என்னிடம் காகிதம் இல்லை. சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

காற்றே இல்லாத நாள். மருந்து வெள்ளையாய் மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு நின்றது. பெட்டிகளை ஈரச் சாக்கால் மூடிவிட்டு நான் பிளம் மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். சாக்கு நனைந்திருந்தும் உள்ளே இருந்த கொஞ்சநஞ்சம் ஏறத் தொடங்கியது. 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று தாண்டிப் போனது. எனக்குக் கவை வேண்டியிருக்கவில்லை. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரேயடியாக நின்றது. மெல்ல மெல்ல அடங்கவில்லை. நின்றது. தோட்டத்தில் டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் இடம் மாறவில்லை.

ஓடினேன். மூன்றாம் வரிசைக் கடைசியில் ஒரு மரத்தில் சாய்ந்து முழங்காலிட்டிருந்தார். வாயில் நுரை, மூச்சு தண்ணீருக்குள் இழுப்பது போல. "பாக்க முடியல ஹெஸ், விளக்கை ஏத்து" என்றார். பட்டப்பகல், டெஸ். பெர்சிதான் தன் லாரியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் நல்ல மனிதர். தெரிந்ததையெல்லாம் செய்தார். எனக்கு மருந்தின் பெயர் தெரியும், ஆனால் அதை முறிக்க ஓர் ஊசி இருக்கிறது என்று தெரியாது. அது அவருடைய அலமாரியிலேயே இருந்ததாம். நேற்று உன் கடிதத்தைக் காட்டியபோது சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ராய்டன் போனார்.

உன் கடிதத்தின் தலைப்பில் பதினான்காம் தேதி இருக்கிறது. உறையில் மெல்பர்ன் தபால் முத்திரை இருபத்துமூன்று. நாங்கள் அவரைக் குழியில் இறக்கிய அன்று.

ஒன்பது நாள் அந்தக் கடிதம் எங்கே இருந்தது?

ஹெஸ்டர்


மெல்பர்ன்
1 நவம்பர் 1953

ஹெஸ்டர்,

என் கோட்டின் உள்பையில்.

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் கிடைக்குமா என்று மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. பதினான்காம் தேதி எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி வைத்தேன். மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று போனேன். கடிதத்தைக் காட்டவில்லை, அக்கா வீட்டில் உடம்பு சரியில்லை, மருந்தால் இருக்குமோ என்று மட்டும் கேட்டேன். "எதையும் எழுத்துல கொடுத்துடாதப்பா. வேதியியல் ஆள் திங்கட்கிழமை வந்துடுவார், அவர் பாத்துக்குவார். நீ தலைமை முகவர் ஆகப் போறவன்" என்றார். தோளில் கை போட்டுச் சொன்னார். சரி, திங்கள் வரைக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் திங்கள் எது என்று நீதான் எனக்கு எழுதியிருந்தாய். தெரியாமல் இல்லை. ஒரு தடவை தவறவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, ராய்டன் முரட்டு உடம்புக்காரர், நீ கொஞ்சம் மிகைப்படுத்துகிறாய் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேனீ சுருதியை வைத்து ஒரு மனிதன் வேலையை விட முடியுமா என்றுகூட நினைத்தேன். ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. திங்கள் போன பிறகும் தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டினேன்.

இருபத்துமூன்றாம் தேதி காலை வடக்கிலிருந்து இன்னொரு சாவுச் செய்தி வந்தது. அதைப் படித்துக்கொண்டே கீழே இறங்கிப்போய்ப் போட்டேன். அப்போது ராய்டன் உயிரோடு இருப்பதாகத்தான் நினைத்தேன்.

உன்னைப் பார்க்க வரலாமா?

டெஸ்மண்ட்


பிராங்க்ளின்
10 நவம்பர் 1953

டெஸ்மண்ட்,

வராதே. உன்னை வீட்டு வாசலில் பார்க்க என்னால் முடியாது.

நேற்று உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கருப்பு டை கட்டி, பூங்கொத்தோடு வந்தார். தேநீர் கொடுத்தேன். அவர் அனுதாபம் சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கணவர் கையுறையும் முகமூடியும் போடவில்லை, காகிதத்தில் எழுதியிருந்ததை மீறி நடந்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"வெறும் சம்பிரதாயம்மா. உங்க வீட்டுக்காரரைக் குத்தம் சொல்றதா எடுத்துக்காதீங்க."

"வேற யாரைச் சொல்றதா எடுத்துக்கணும்?" என்று கேட்டேன்.

பேனாவை மூடிக்கொண்டார். போகும்போது என் தேனீப் பெட்டிகளைப் பார்த்து, "காலியா இருக்கே, விக்கிறீங்களா?" என்றார்.

இறப்பு விசாரணை நவம்பர் முப்பதாம் தேதி, ஹுவான்வில்லில். கம்பெனியின் வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் காட்டப் போகிறார். அதற்குப் பதில் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. செப்டம்பர் பதினைந்தாம் தேதி நீ எழுதியது, 'அவ்வளவு தூரம் பயப்பட வேண்டாம்' என்று. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். உறைகளோடு. அதன் பிறகு உனக்கு என்ன நேரும் என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உனக்காக என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

உன் பதினான்காம் தேதிக் கடிதத்தை, அது வந்த அன்றே பெர்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலியோரம் நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவை படித்தார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, "மேவிஸ், வெளிச்சத்துக்கு வா, உன் கண்ணைக் காட்டு" என்று கத்தினார். அவர் மனைவியை அன்று மத்தியானமே டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். இப்போது நடமாடுகிறாள்.

நீ விற்ற அறுபத்தொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மேவிஸ் இருப்பாள்.

ஹெஸ்டர்


மெல்பர்ன்
16 நவம்பர் 1953

ஹெஸ்டர்,

கொடு. இதோடு நீ எனக்கு எழுதியவற்றையும் அனுப்புகிறேன். இரண்டையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடு. என்னுடையதை மட்டும் படித்தால், எனக்கு என்ன தெரிந்தபோது நான் சும்மா இருந்தேன் என்பது விளங்காது.

அறுபத்தொரு பேருக்கும் எழுதிவிட்டேன். முதல் இருபதைக் கையால் எழுதினேன். பிறகு விரல் மரத்துப்போய், கீழ்வீட்டுப் பெண்ணின் டைப்ரைட்டரை வாங்கி அடித்தேன். நேற்றோடு எல்லாம் போய்விட்டன. காலையில் ஆபீசுக்குப் போனேன். என் மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மேலாளர் தலை நிமிரவில்லை.

முப்பதாம் தேதி வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, விசாரணைக்கு. யாரும் அழைக்காவிட்டாலும் எழுந்து நிற்பேன்.

டெஸ்மண்ட்


பிராங்க்ளின்
6 டிசம்பர் 1953, ஞாயிறு

டெஸ்மண்ட்,

கூடத்துக்கு வெளியே நீ கிட்டே வந்தபோது நான் திரும்பிக்கொண்டேன். அன்று வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ கூண்டில் நின்று உன் கடிதங்களை நீயே படித்தாய். செப்டம்பர் கடிதத்தை விழுங்காமல் படித்தாய், அதைக் கவனித்தேன். உன் பெயர் அரசு வழக்கறிஞருக்குப் போகும் என்று அதிகாரி சொன்னபோது நீ தலையாட்டியதையும் பார்த்தேன். சாவுக்குக் காரணம் அந்த மருந்து என்று எழுதிவிட்டார். டின்களை விற்க வேண்டாம் என்று அரசாங்கத்துக்கும் எழுதுகிறாராம். அரசாங்கம் எப்போது படிக்குமோ, தெரியாது. கம்பெனி இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தேனீ சுருதிப் பட்டியலை வக்கீல் படித்துக் காட்டியபோது சிலர் சிரித்தார்கள். ராய்டனின் சுவர்த் தேதிகளை அதிகாரி பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது.

என் ரத்தத்தைச் சோதனைக்கு ஹோபார்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கண் மங்கல் முழுக்கப் போகவில்லை. இந்தக் கடிதத்தையே சன்னலோரம் வைத்துத்தான் எழுதுகிறேன். என்ன முடிவு வந்தாலும் உனக்குச் சொல்கிறேன்.

நீ கூண்டிலிருந்து இறங்கி வெளியே போயிருந்தபோது நடந்தது ஒன்று இருக்கிறது. வக்கீல் என்னை மறுபடி எழுப்பினார். அந்தக் கடிதம் நேரத்தோடு வந்திருந்தாலும், இவ்வளவு பிடிவாதக்காரர் அதைக் கேட்டிருப்பார் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நல்ல கேள்வி. நீயும் உனக்குள் கேட்டிருப்பாய். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கவும் முயன்றிருப்பாய்.

அதற்கு நான் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன். அன்று காலை நான் பொய் சொன்னபோது ராய்டன் உடனே சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். கையுறை இல்லாத கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், உன் கடிதம் அழுக்காகக் கூடாதே என்று. "டெஸ்ஸே எழுதியிருக்கானா? அப்ப சரி, குடு" என்று கையை நீட்டினார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் ரொம்ப நேரம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

ஹெஸ்டர்